முற்றுப் பெறாத கடிதம்

தந்தை ஒருவர் தம் மகளுக்குக் கடிதம் எழுத அமர்கின்றார். ‘மோமோவுக்கு’ என்று ஒரு சொல் எழுதுகின்றார். அதற்குமேல் எழுதுகோல் ஓடவில்லை. தாளை மேசைக்குள் வைத்துவிட்டுக் கடற்பிரயாணஞ் செல்கின்றார், சென்றவர் மீளவில்லை. பின்னர் அத்தாள் மகளின் கையிற் கிடைக்கின்றது. தந்தை எழுத எண்ணியது யாது? கண்டித்து எழுத எண்ணினாரா, மன்னித்து எழுத எண்ணினாரா, அன்றித் தாமே மன்னிப்பு வேண்டி எழுத எண்ணினாரா? வினவுதற்கு அவர் இல்லை. பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இவ்வினாவை நெஞ்சிற் சுமந்து திரிவதே ‘மோமோவுக்கு ஒரு கடிதம்’ என்னும் ஜப்பானியச் சித்திரப்படத்தின் கதையாகும்.

சித்திரப்படம் என்றவுடன், பூனை எலியைத் துரத்துவதும் எலி பூனையை ஏய்ப்பதுமாகிய சிறுபிள்ளை வேடிக்கையே நம்மவரிற் பலர்க்கு நினைவுக்கு வரும். யானும் அங்ஙனமே எண்ணியிருந்தேன். விடுதி நண்பர் ஒருவர் வற்புறுத்தியதனால், ஒரு சனிக்கிழமை இரவு அவருடைய மடிக்கணினியில் இப்படத்தைக் கண்டேன். படம் முடிந்தபோது அறையில் நால்வர் இருந்தோம். சிறிது நேரம் ஒருவரும் வாய்திறக்கவில்லை. அன்று பேசாது விட்டதை இங்கு ஒருவாறு எழுதிக்காட்ட முயல்கின்றேன்.

படமும் படைத்தவரும்

இதன் ஜப்பானியப் பெயர் ‘மோமோ எ நோ தெகாமி’ என்பது. ‘தெகாமி’ என்பது கடிதம். ‘மோமோ’ என்பது சிறுமியின் பெயர். கதையை எழுதி இயக்கியவர் ஹிரோயுகி ஓகியுரா என்பவர். 1966-ஆம் ஆண்டிற் பிறந்த இவர், ‘அகிரா’ (1988), ‘கோஸ்ட் இன் தி ஷெல்’ (1995) முதலிய பெயர்பெற்ற படங்களிற் சித்திரக்காரராய் உழைத்துத் தேர்ந்தவர். இவர் முதன்முதலாக இயக்கிய ‘ஜின்-ரோ’ என்னும் படம், காவற்படை வீரன் ஒருவனைப் பற்றிய இருண்ட அரசியற் கதை. அதனைக் கண்டோர், அதே கையினின்றும் ஒரு சிறுமியின் துயரையும் நகைப்புக்குரிய மூன்று பூதங்களையும் பற்றிய குடும்பப் படம் வெளிவரும் என்று கனவிலும் எண்ணியிரார். புரொடக்‌ஷன் ஐ.ஜி. என்னும் நிறுவனத்தார் தயாரித்த இப்படம் நிறைவேற ஏழாண்டுகள் ஆயின. 2011-ஆம் ஆண்டு செப்டம்பரிற் கனடா தேசத்து டொரான்டோ திரைப்பட விழாவில் முதன்முதற் காட்டப்பெற்று, 2012-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பானில் வெளியாயிற்று.

ஏழாண்டுகள் ஏன் ஆயின என்பதை ஒரு சிறு கணக்காற் காட்டலாம். திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடும். இப்படம் ஓடும் காலம் 120 நிமிடம். ஆகவே மொத்தம் 1,72,800 சட்டங்கள். ஜப்பானியர் பெரும்பாலும் ஒரு சித்திரத்தையே இரண்டு மூன்று சட்டங்கட்கு நிறுத்தி வைப்பர் எனினும், கையால் வரையப்பட வேண்டியவை பல்லாயிரம் என்பது தெளிவு. சித்திர வேலையை மேற்பார்த்தவர் மஸாஷி ஆண்டோ. ‘ஸ்பிரிட்டட் அவே’ (2001) என்னும் உலகப்புகழ் பெற்ற படத்திலும் அப்பொறுப்பை ஏற்றவர் அவர். இத்துணை உழைப்பும் பெரும் போர்களையோ மாயநகரங்களையோ காட்டுதற்குச் செலவாகவில்லை. ஒரு சிறுமி தோளைக் குறுக்கிக்கொண்டு நடக்கும் நடை, தாய் களைத்து நாற்காலியிற் சாயும் சாய்வு, வெயிலில் உலரும் துணி ஆகிய இவற்றைக் காட்டுதற்கே செலவாயிற்று. துயரம் பெரும்பாலும் இத்தகைய சிறு அசைவுகளிலேதான் வெளிப்படுகின்றது என்பதை ஆசிரியர் அறிந்திருந்தார்.

கதை

மோமோவின் தந்தை கடலாராய்ச்சி செய்பவர். குடும்பத்தார் மூவரும் செல்வதாயிருந்த ஓர் ஏற்பாட்டை அவர் வேலையின்பொருட்டுக் கைவிடுகின்றார். சினங்கொண்ட மகள், ‘நீங்கள் திரும்பி வராவிட்டாலும் சரி’ என்னும் பொருள்பட ஒரு சொல் சொல்லிவிடுகின்றாள். எந்த வீட்டிலும் எந்தப் பிள்ளையும் சொல்லக்கூடிய சொல். மாலையில் மறந்துபோகும் சொல். அச்சொல்லே அவள் தந்தையிடம் கூறிய கடைசிச் சொல்லாயிற்று.

தாய் இகுகோ, மகளை அழைத்துக்கொண்டு டோக்கியோ நகரை விட்டு, தான் இளமையில் இருந்த ஷியோ என்னும் தீவிற்கு வருகின்றாள். இத்தீவு கற்பனை, ஆயினும் ஹிரோஷிமா மாகாணத்துக் குரே நகராட்சியைச் சேர்ந்த ஒஸாகி ஷிமோஜிமா என்னும் மெய்யான தீவே இதற்கு மாதிரி. செத்தோ உள்நாட்டுக் கடலில், மலைச்சரிவெங்கும் ஆரஞ்சு இனத்து மிக்கான் தோட்டங்கள் நிறைந்த தீவு அது. அங்குள்ள மித்தாராய் என்னும் பழைய துறையிற் பாய்க்கப்பல்கள் நல்ல காற்றையும் ஓதத்தையும் எதிர்நோக்கிக் காத்து நிற்குமாம். ஷியோ என்னும் சொல்லும் கடலோதத்தையே குறிக்கும். மேற்செல்லவும் மாட்டாது, பின் திரும்பவும் மாட்டாது நிற்கும் இருவர் வந்து தங்குதற்கு இதனினும் ஏற்ற இடம் ஏது?

தீவில் மோமோவுக்குத் தோழர் இல்லை. ஊர்ச் சிறுவர் பாலத்தின்மேல் ஏறி நின்று கடலிற் குதித்து விளையாடுகின்றனர். இவளுக்குக் குதிக்கத் துணிவில்லை. தாயோ முதியோரைப் பேணும் தொழிலைக் கற்க நாள்தோறும் வெளியே சென்றுவிடுகின்றாள். பழைய வீட்டின் பரணிலே, முன்னோர் சேர்த்துவைத்த பூதங்களைப் பற்றிய படப்புத்தகம் ஒன்று கிடைக்கின்றது. வானினின்றும் விழுந்த மூன்று நீர்த்துளிகள் அப்புத்தகத்துள் உருண்டு புகுந்து, அதில் வரைந்திருந்த மூன்று பூதங்களின் வடிவைப் பெறுகின்றன. அகன்ற வாயும் பேருடலும் உடையவன் இவா. தவளை முகத்தினனாய்ச் சலிப்போடு திரிபவன் காவா. குள்ளனாய் மறதியே வடிவானவன் மாமே. மோமோவின் கண்ணுக்குப் புலப்படும் இவர்கள் பிறர்க்குப் புலப்படுவதில்லை.

இம்மூவரும் செய்வன யாவும் நகைப்புக்குரியன. தோட்டத்துக் காய்களைத் திருடித் தின்பர். வீட்டிலுள்ள இனிப்பை உண்டு தீர்ப்பர். காட்டுப்பன்றியின் குட்டியைக் கவர்ந்து தாய்ப்பன்றியின் கோபத்துக்கு ஆளாகி ஓடுவர். ஆயினும் இவர்கட்கு ஒரு கடமை உண்டு. இறந்தவரின் ஆன்மா மேலுலகம் சென்று சேரும் வரை, அவர் விட்டுச்சென்ற குடும்பத்தைக் கண்காணித்து, அவ்வப்போது விநோதமான ஒரு நடனத்தால் வானுலகிற்குச் செய்தி அனுப்புதலே அக்கடமை. அதாவது, மோமோவின் தந்தை தம் மனைவியையும் மகளையும் இன்னும் மறக்கவில்லை என்பதற்கு இத்திருட்டுப் பூதங்களே சாட்சிகள்.

யோகாய் என்பன யாவை?

இத்தகைய பூதங்களை ஜப்பானியர் ‘யோகாய்’ என்பர். இச்சொல் பேயை மட்டும் குறிப்பதன்று. ஆற்றில் வாழும் கப்பா, மலையில் வாழும் தெங்கு, உருமாறி ஏய்க்கும் நரி, நூறாண்டு பழகியபின் உயிர்பெறும் குடையும் பானையும் ஆகிய இவையனைத்தும் இதனுள் அடங்கும். 1776-ஆம் ஆண்டில் தொரியாமா செகியேன் என்னும் ஓவியர் இவற்றை வரிசையாக வரைந்து நூலாக வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டில், அதாவது 1775-இல், ‘கிபியோஷி’ எனப்படும் மஞ்சள் அட்டைப் படக்கதைகள் எதோ நகரிலே தோன்றின. எதோ என்பது இன்றைய டோக்கியோ. மலைகளில் மக்களை நடுங்கவைத்த பூதங்கள், நகரத்தார் படித்து மகிழ்ந்த இக்கதைகளிற் புகுந்தபின், அசட்டுத்தனமும் பசியும் மிக்க கோமாளிகளாக மாறின. மோமோ பரணிற் கண்டெடுக்கும் புத்தகம் இவ்வகையினதே. ஆகவே இவாவும் காவாவும் மாமேயும் கோமாளிகளாய் இருத்தல் இயக்குநரின் புதுக்கற்பனை மாத்திரமன்று. இருநூறாண்டு வழக்கினின்றும் வந்தது.

பிற்காலத்தில் இரு பேரறிஞர் யோகாய்களை இருவேறு நோக்கில் ஆராய்ந்தனர். இனோவே என்ரியோ (1858–1919) என்னும் தத்துவ ஆசிரியர், மக்களின் மூடநம்பிக்கையைப் போக்குதற்கென்றே யோகாய்க் கதைகளைத் தொகுத்து, அவற்றுட் பெரும்பாலனவற்றிற்கு இயற்கைக் காரணமும் மனமயக்கமுமே அடிப்படை என்று காட்டினார். யானகிதா குனியோ (1875–1962) என்பவரோ, ‘தோனோ மொனொகதாரி’ (1910) என்னும் நூலில் மலைநாட்டார் கூறிய கதைகளை எழுதிவைத்தார். ஒருகாலத்தில் வழிபாடு பெற்ற தெய்வங்கள், வழிபாடு குன்றியபோது நிலைதாழ்ந்து யோகாய்கள் ஆயின என்பது அவர் கருத்து. பசித்துத் திருடித் தின்னும் இப்படத்துப் பூதங்களைக் காணுங்கால், படைப்பார் அற்றுப்போன அத்தெய்வங்களின் நினைவு எழுகின்றது.

இறந்தோரைப் பற்றிய ஜப்பானிய வழக்கையும் ஈண்டு அறிதல் வேண்டும். பௌத்தர் வழக்கின்படி இறந்தவரின் ஆன்மா 49 நாள் இடைநிலையில் இருக்கும். அந்நாளின் முடிவிற் சடங்கு செய்து விடைகொடுப்பர். பின்னர் ஆண்டுதோறும் கோடையில், பல இடங்களில் ஆகஸ்டு 13 முதல் 16 வரை, ‘ஓபோன்’ என்னும் விழாவெடுப்பர். வாயிலில் தீ மூட்டி முன்னோரை வரவேற்பதும், விழா முடிவில் விளக்குகளை நீரில் மிதக்கவிட்டு வழியனுப்புவதும் பல ஊர்களில் வழக்கம். படத்தின் இறுதியில் ஊரார் வைக்கோலாற் படகு செய்து ஒளியேற்றிக் கடலில் விடுங்காட்சி இவ்வழக்கத்தை நினைவூட்டுவது.

படத்தின் உட்பொருள்

நிற்க. இப்படத்தின் உயிர்நிலை பூதங்களில் இல்லை என்பது என் கருத்து. அது தாய்க்கும் மகளுக்கும் இடையேயுள்ள மௌனத்தில் உள்ளது.

இகுகோ எப்பொழுதும் சிரித்துப் பேசுகின்றாள். தாய் தந்தையை மறந்துவிட்டாள் என்று மோமோ எண்ணுகின்றாள். மகள் வாடாதிருத்தற்பொருட்டே தாய் தன் துயரை அடக்குகின்றாள் என்பது அவளுக்கு விளங்கவில்லை. மகளோ, தான் சொன்ன கடுஞ்சொல்லையும் மேசையிற் கண்டெடுத்த தாளையும் தாயிடம் கூற அஞ்சுகின்றாள். ஒரே கூரையின்கீழ் ஒருவரையே நினைந்து இருவர் துயருறுகின்றனர். ஆயினும் ஒருவர் துயரை மற்றவர் அறிந்திலர். தந்தை தாய்க்கு அளித்த கண்ணாடி ஒன்று பூதங்களால் உடைந்த நாளில், இந்த மௌனமும் உடைகின்றது. மகள் வீட்டை விட்டு ஓடுகின்றாள். அவளைத் தேடிப் புயலில் அலைந்த தாய்க்கு இளமையில் வருத்திய ஆஸ்துமா நோய் மீண்டும் கண்டு, மூச்சு முட்டுகின்றது.

வைத்தியரோ தீவில் இல்லை; பாலங்கடந்து அப்பாற் செல்லல் வேண்டும். கடலிற் குதிக்க அஞ்சிய அதே சிறுமி, புயலிரவில் ஊர்த் தபால்காரரை இரந்து வேண்டி, அவருடைய மோட்டார் வண்டியிற் புறப்படுகின்றாள். முதலில் தயங்கிய மூன்று பூதங்களும் தம் இனத்தாரையெல்லாம் கூட்டி வந்து, பாலத்தின்மீது வளைந்து நின்று, காற்றையும் மழையையும் தம் உடலால் தடுக்கின்றன. அச்சிறு வண்டி அவ்வுயிர்க் குகையினூடே செல்லும் காட்சியை யான் எளிதில் மறவேன்.

தாய் பிழைக்கின்றாள். அதன் பின்னரே, வைக்கோற் படகுகள் கடலிற் செல்லும் இரவில், ஒரு சிறு படகு மட்டும் திரும்பி வருகின்றது. அதில் தந்தையின் கடிதம் உள்ளது. சொற்கள் மிகச் சில. மகள் தாய்க்குச் செய்ததைப் பாராட்டும் சொற்கள். இந்த வரிசைமுறையை ஊன்றி நோக்குதல் வேண்டும். கடிதம் முன்னமே வந்திருப்பின் அது வெறும் மாயவித்தையாய் முடிந்திருக்கும். இறந்தவரிடம் செலுத்த இயலாத அன்பின் கடனை, உயிரோடிருக்கும் ஒருத்தியிடம் மோமோ செலுத்தினாள். செலுத்திய பின்னரே பதில் வந்தது. இதுவே இப்படம் நமக்குக் கூறுவது என்று யான் கொள்கின்றேன்.

தமிழ் இலக்கணம் பயிலும் மாணவன் என்ற முறையில் ஒன்று கூற விழைகின்றேன். தந்தை எழுதிய ஒரே சொல்லாகிய ‘மோமோவுக்கு’ என்பது நான்காம் வேற்றுமை. நன்னூலார் அவ்வேற்றுமைக்குக் கூறும் பொருள்களுட் கொடையும் உண்டு; பகையும் உண்டு; நட்பாகிய நேர்ச்சியும் உண்டு. வினைச்சொல் வந்து முடித்தாலன்றி இன்ன பொருள் எனத் துணிதல் அரிது. வினையில்லாத அச்சொல்லை மோமோ பகைப்பொருளிற் படித்து நடுங்கினாள். ஆயினும் சினந்தவர் எழுத அமர்வாரா? மகளின் பெயரை எழுதிவிட்டுச் சொல் தேடித் திகைத்த கை, அன்புடைய கையாகவே இருத்தல் வேண்டும். இதனை உணர அவளுக்கு ஒரு கோடைகாலம் முழுதும் தேவைப்பட்டது.

ஓர் ஐயம்

நம் கல்லூரி கிறிஸ்தவ மார்க்கத்தின் அடிப்படையில் எழுந்தது. இறந்தோர் கடிதம் அனுப்புவதும் பூதங்கள் அதனைக் கொணர்வதும் ஆகிய கதையைக் கிறிஸ்தவ மாணவன் ஒருவன் பாராட்டலாமோ என்று சிலர் வினவக்கூடும். அது நியாயமான வினாவே. இறந்தோரோடு பேச முயல்வதை நம் வேதம் விலக்கியுள்ளது என்பதை யான் அறிவேன். ஆயினும் மோமோ அங்ஙனம் முயன்றாளல்லள்; எந்த மந்திரத்தையும் நாடினாளல்லள். பூதங்களை நம்புமாறு படம் நம்மை வேண்டுவதும் இல்லை. பிரிவுத்துயரை அடக்கி வைக்காமல் ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்ளுமாறே வேண்டுகின்றது. இலாசருவின் கல்லறையண்டை நம் ஆண்டவரே கண்ணீர் சிந்தினார். சகோதரன் மனத்தாங்கல் கொண்டிருப்பின் காணிக்கையைப் பீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் ஒப்புரவாகும்படி போதித்தவரும் அவரே. அப்போதனையின் அவசரத்தை யான் முன்பு நன்கு உணர்ந்தேன் அல்லேன்.

உணர்ந்த விதத்தைச் சுருக்கமாகக் கூறிவிடுகின்றேன். சென்ற ஆண்டு என் பாட்டனார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அதற்கு மூன்று நாள் முன்னர் அவர் தொலைபேசியில் என்னை அழைத்தார். பரீட்சை நெருங்கியிருந்தது. “இப்போது படிக்கிறேன் தாத்தா, பிறகு பேசுகிறேன்” என்று சற்றுக் கடுமையாகவே கூறி வைத்துவிட்டேன். அந்தப் ‘பிறகு’ வரவில்லை. அவர் என்ன சொல்ல அழைத்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. படத்தைக் கண்ட மறுநாள், ஞாயிறு ஆராதனைக்குப்பின், ஊரிலிருக்கும் என் பாட்டியாரை அழைத்து முதன்முறையாக இதனைக் கூறினேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, பின்னர், “உன் பரீட்சை எப்படி நடக்கிறது என்று கேட்கத்தான் கூப்பிட்டிருப்பார், ஐயா” என்றார். பிறகு தாத்தாவைப் பற்றி இருவரும் நெடுநேரம் பேசினோம். எந்தப் படகும் எனக்கு வரவில்லை. ஆயினும் பதில் வந்தது என்றே எண்ணுகின்றேன்.

முடிவுரை

கதையின் முடிவில் மோமோ ஊர்ச் சிறுவரோடு பாலத்தின்மேல் ஏறுகின்றாள், இம்முறை குதிக்கின்றாள். துயரம் நீங்கிவிட்டது என்பது இதன் பொருளன்று. தந்தையை விழுங்கிய அதே கடலில் அவள் அஞ்சாது இறங்கக் கற்றாள் என்பதே பொருள்.

விடுதியில் வாழும் மாணவ நண்பர்கட்கு ஒரு சொல். கோடை விடுமுறையில் இப்படத்தைக் காண வாய்ப்புளதேல் வீட்டாரோடு சேர்ந்து காண்க. அதற்கு முன்னரே, முற்றுப்பெறாத கடிதம் ஏதேனும் உம்மிடம் இருக்குமாயின், அதை இன்றிரவே எழுதி முடித்து நாளைத் தபாலிற் சேர்த்துவிடுக.